அவர் நம்மோடுதான் இருக்கிறார்

ஐயா, உங்கள் தலைக்கு மேலே மாட்டியிருக்கும் படம் இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. ஆணியில் குறையில்லை, பின்னால் கட்டிய கயிறு ஒரு பக்கம் தளர்ந்திருக்கும். அப்புறம் சரிசெய்து தருகிறேன். படங்களுக்குச் சட்டம் போடுவது என் தொழில் என்பதால் எங்கே போனாலும் கண் முதலில் சுவருக்குத்தான் போகிறது. தேநீருக்கு நன்றி. நீங்கள் குரலை உயர்த்தாமல் கேட்கிறீர்கள். நானும் எதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தும்மல் அண்ணனை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே யோசித்தால்தான் வரும். மேடையில் தனியாளாக நின்று ஏதோ ஒரு கதையைச் சொல்லிக்கொண்டே வருவார். முக்கியமான இடத்தில் தும்மல் வருவதுபோல மூக்கு சுருங்கும், கண் சொருகும், விரல் ஒன்று காற்றில் நிற்கும். தும்மல் வராது. கதையைத் தொடர்வார். மறுபடியும் மூக்கு சுருங்கும். அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தத் தும்மலுக்காகக் காத்துக் கிடக்கும். கடைசிவரை தும்மாமலே கையசைத்துவிட்டு இறங்கிப் போய்விடுவார். அப்புறம் கூட்டத்தில் யாராவது ஒருவருக்குத் தும்மல் வரும். அவ்வளவுதான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து விழுகிறவர்களை நாங்கள்தான் தூக்கி உட்கார வைக்க வேண்டும்.

நாங்கள் என்றால் ரசிகர் மன்றம். நான் தலைவர். தலைவர் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நாற்காலி போடுவது, நாற்காலி எடுப்பது. ஒருமுறை வரவேற்புரை சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். நான் தொண்டையைச் செருமி முடிப்பதற்குள் மருந்துக்கடைக்காரர் மைக்கை வாங்கிக்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டார். அவர்தான் எங்கள் செயலாளர். நல்ல குரல் அவருக்கு. அதில் எனக்கு மனவருத்தம் எதுவும் கிடையாது.

ஒருநாள் காலை கடையில் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. அண்ணன் மனைவி. அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அழுகையில் பாதிப் பேச்சு புரியவில்லை.

"அவரு போயிட்டாருங்க," என்றார்.

கண்ணாடியைக் கீழே வைத்தேன். "எப்போ அண்ணி?"

"விடியக்காலையில. ஒரு வார்த்தை சொல்லல. எல்லாம் முடிஞ்சு போச்சு."

"கஷ்டப்படாம போனாரா?"

"அவருக்கு என்ன கஷ்டம்? நிம்மதியா போனாரு. மாத்துச் சட்டைகூட எடுத்துக்கல. வெறும் கையோட போயிட்டாரு."

"எல்லாரும் ஒருநாள் வெறும் கையோடதான் அண்ணி போகணும்," என்று ஆறுதல் சொன்னேன்.

"ஏன் போகணும்? மத்த வீட்டு ஆம்பளைங்க எல்லாம் இப்படியா போறாங்க?"

"நேரம் வந்தா யாரா இருந்தாலும் போய்த்தான் ஆகணும். மனசைத் தேத்திக்கங்க."

மறுமுனையில் பட்டென்று வைத்துவிட்டார். துக்கத்தில் இருப்பவர்கள் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். நீங்களே சொல்லுங்கள் ஐயா, இதை வேறு எப்படிப் புரிந்துகொள்வது?

நான் மருந்துக்கடைக்காரருக்குச் சொன்னேன். அதற்கு மேல் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மதியத்துக்குள் கடைத்தெரு பாதி அடைத்துவிட்டது. அண்ணன் வீட்டு முன்னால் தெரு நிரம்பி, சுவர் மேலெல்லாம் ஆட்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். பேருந்து நடத்துநர் ஒருவர், எங்கள் மன்றத்து ஆள், பயணிகளோடு பேருந்தையே தெருமுனைக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். அந்த மனிதரின் மனைவி இறந்தபோது அவர் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் வரவில்லை. அன்று குழந்தை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார். பயணிகளில் ஒருவர்கூட இறங்கிப் போகவில்லை.

அண்ணி கதவைத் திறந்து கூட்டத்தைப் பார்த்தார். என்னை மட்டும் கையைப் பிடித்து இழுத்துச் சமையலறைக்குக் கொண்டுபோனார்.

"யாருங்க செத்தது?" என்று கேட்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அவரு சாகலைங்க. என்னை விட்டுட்டுப் போயிட்டாரு. இனிமே மேடையும் வேணாம், வீடும் வேணாம், யாரும் என் மூஞ்சியைப் பார்த்துச் சிரிக்காத இடமா பார்த்துப் போறேன்னு கண்ணாடி மேல எழுதி ஒட்டிட்டுப் போயிட்டாரு."

"நான் போய் உண்மையைச் சொல்லிடறேன் அண்ணி," என்றேன்.

உண்மையைச் சொல்லத்தான் போனேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். வாசற்படியில் நின்று கையைத் தூக்கினேன். தெரு முழுக்க அப்படியே அடங்கியது. என் வாழ்க்கையில் நான் வாய் திறப்பதற்காக யாரும் அதுவரை காத்திருந்ததில்லை. மருந்துக்கடைக்காரர்கூட வாயை மூடிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். நடத்துநர் என் முழங்காலைக் கட்டிக்கொண்டார். "அண்ணன்..." என்று ஆரம்பித்தேன். அந்த ஒரு சொல்லுக்கே பின்வரிசையில் யாரோ மயங்கி விழுந்தார்கள். அதற்கு மேல் நான் பேசியதெல்லாம் தானாக வந்தது. எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியாது. உடல் எங்கே என்று ஒருவர் கேட்டார். மருத்துவப் படிப்புக்குத் தானமாக ஏற்கெனவே போய்விட்டது, சிரிக்க வைக்காத தன் முகத்தை யாரும் பார்க்கக் கூடாது என்பது அவருடைய கடைசி ஆசை என்றேன். அதுவும் தானாக வந்ததுதான். தெருவே குலுங்கி அழுதது.

உள்ளே வந்தேன். அண்ணி அடுப்படியில் சாய்ந்து நின்றிருந்தார்.

"நல்லாத்தான் பேசினீங்க," என்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போனவரு போனதாவே இருக்கட்டும். புருஷன் விட்டுட்டுப் போனவன்னு நாலு பேரு பாவமா பார்க்கறதுக்கு இது எவ்வளவோ மேல். நானும் அழுதுட்டுத்தான் இருக்கேன். எதுக்கு அழறேன்னு அவங்க கேக்கவா போறாங்க?" என்றார்.

அதனால் அந்தப் பொய்யில் எனக்கு மட்டும் பங்கு என்று எழுதாதீர்கள். அதே சமயம் அண்ணி மீது ஒரு குற்றமும் இல்லை. அவர் சும்மா இருந்தார், அவ்வளவுதான்.

அதன் பிறகு ஞாயிறுதோறும் அரங்கத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. முதல் கூட்டத்திலேயே தகராறு. சிரிப்புக்காகவே வாழ்ந்தவருக்குச் சிரித்துத்தான் அஞ்சலி செலுத்த வேண்டும் என்று ஒரு கட்சி. சாவு வீட்டில் சிரிக்கிறவன் மனுஷனா என்று இன்னொரு கட்சி. சட்டையைப் பிடித்துக்கொள்ளும் நிலை வந்தது. நான்தான் சமாதானம் செய்தேன்: தேநீர் இடைவேளைக்கு முன்பு சிரிப்பது, பின்பு அழுவது. இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டன. மௌன அஞ்சலிக்குப் பதிலாகத் தும்மல் அஞ்சலி என்று ஒன்றையும் நான்தான் கொண்டுவந்தேன். எல்லோரும் எழுந்து நின்று மூக்கைச் சுருக்கி, ஒரு விரலை உயர்த்தி, வராத தும்மலுக்காகக் காத்து நிற்க வேண்டும். முதல் வாரம் யாரோ ஒருவர் நிஜமாகவே தும்மிவிட்டார். அவரை மன்றத்திலிருந்து நீக்கிவிட்டோம்.

கடைசியில் என் பேச்சு. வாரத்துக்கு வாரம் கூட்டம் கூடியது. வெளியூரிலிருந்தெல்லாம் வந்தார்கள். அண்ணனை ஒருமுறைகூடப் பார்த்திராதவர்கள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஒரு சுவருக்காகப் பத்து வருஷம் பேசாமல் இருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர் என் பேச்சைக் கேட்டு நடுக்கூட்டத்தில் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நடத்துநர் முதல் வரிசையில் உட்கார்ந்து, நான் அடுத்து என்ன சொல்லப்போகிறேன் என்பதை உதட்டை அசைத்துக் கூடவே சொல்வார். ஒரு மனிதனின் சாவு இத்தனை பேருக்கு இவ்வளவு நல்லது செய்து நான் பார்த்ததில்லை.

இந்த நிலையில்தான் ஒரு மத்தியானம் அவர் என் கடைக்கு வந்தார்.

மீசையை எடுத்திருந்தார். முகம் வெயிலில் கறுத்திருந்தது. கோழிப் பண்ணை ஒன்றில் சிநேகிதரோடு இருந்திருக்கிறார். அங்கே செய்தி எதுவும் எட்டவில்லை. முட்டைக்குச் சுற்றுவதற்காகப் பழைய செய்தித்தாள் கட்டு வந்திருக்கிறது. அதில் கறுப்புக் கட்டம் போட்டிருந்த தன் படத்தைப் பார்த்திருக்கிறார். நான் நினைத்தது போல் கோபப்படவில்லை. ஆனந்தம் தாங்காமல் என் பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"உயிரோட இருந்தப்ப ஒருத்தன் இப்படிக் கொண்டாடலியேய்யா! போன ஞாயித்துக்கிழமை நானும் வந்திருந்தேன். கடைசி வரிசை. பக்கத்துல இருந்தவன் அழுகைக்குத் துண்டெல்லாம் குடுத்தான்."

"எப்படி இருந்துச்சு அண்ணே?" என்று கேட்டேன்.

"எல்லாம் பிரமாதம். உங்க பேச்சுதான் கொஞ்சம் நீளம்."

"சுருக்கிடலாம் அண்ணே. எதை எடுக்கணும்?"

"பாதியை எடுத்துடுங்க."

"எந்தப் பாதி?"

"எதுவா இருந்தா என்ன?" என்றார்.

இது என்னைத் துளிகூடப் பாதிக்கவில்லை. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அவர் தொழில் தெரிந்தவர். தொழில் தெரிந்தவர் சொன்னால் கேட்டுக்கொள்வதுதான் முறை.

அவர் போட்ட திட்டம் இதுதான். அடுத்த ஞாயிறு நிறைவுக் கூட்டம். உடல் இல்லாததால் அவருடைய ஆளுயரப் படத்தையே ஊர்வலமாகக் கொண்டுபோய் அடக்கம் செய்வதாக மன்றத்தில் முடிவாகியிருந்தது. அந்தப் படத்துக்குச் சட்டம் போடப்போவது நான். சட்டத்துக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கிற மாதிரி மரப்பெட்டி ஒன்று சேர்த்துச் செய்துவிட வேண்டும். அவர் உள்ளே நிற்பார். நான் பேசிக்கொண்டே வந்து, "அவர் நம்மோடுதான் இருக்கிறார்" என்று சொன்னதும் படத்தைக் கிழித்துக்கொண்டு மேடைக்கு வந்துவிடுவார். வந்து நின்று, முதன்முறையாக, நிஜமாகவே தும்முவார்.

"உங்க அண்ணிகிட்ட போன்ல பேசிட்டேன்," என்றார். அப்போது மட்டும் முகத்தில் விளையாட்டு இல்லை. "முன்வரிசையில உக்காரச் சொல்லியிருக்கேன். அவ சிரிச்சான்னா நான் வீட்டுக்குப் போறேன். சிரிக்கலேன்னா கோழிங்ககிட்டயே போயிடறேன்."

"அழுதவங்க எல்லாம் என்ன நினைப்பாங்க அண்ணே?"

"சிரிப்பாங்க. நல்லா அழுதவன்தான்யா நல்லா சிரிப்பான்."

"அந்தக் கோழிப் பண்ணை உங்களுக்கு ஒத்துக்கிட்ட மாதிரி தெரியுது. உடம்புகூடத் தேறியிருக்கு. அங்கேயே இருந்துடலாமே?"

"கோழி சிரிக்காதுய்யா," என்றார்.

நான் எவ்வளவோ யோசித்தேன். நடத்துநரை நினைத்துப் பாருங்கள். வாழ்நாளில் ஒரே ஒருமுறை மனம்விட்டு அழுத மனிதர். அந்த அழுகை பொய் என்று ஊரே சிரிக்கும்போது அவர் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வார்? சுவர்க்காரர்கள் மறுநாளே மறுபடி சுவர் எழுப்பிவிடுவார்கள். அத்தனை பேர் மனதையும் ஒரு தும்மலுக்காக உடைக்க ஒருவருக்கு உரிமை உண்டா? அவர் தன்னைப் பற்றியும் அண்ணியைப் பற்றியும் மட்டும் யோசித்தார். நான் எல்லோரையும் பற்றி யோசிக்க வேண்டியிருந்தது.

பெட்டியை நல்ல தேக்கில் செய்தேன். அசைந்தால் சத்தம் கேட்கக் கூடாது என்று அவரே சொன்னதால் உள்ளே சுற்றிலும் பஞ்சு வைத்துத் தைத்தேன். மூச்சுக்காகப் பின்பலகையில் வரிசையாகத் துளைகள் போட்டேன். அவர் உள்ளே நின்று பார்த்து, சொந்த வீட்டைவிட வசதியாக இருக்கிறது என்றார். படம் கிழியும்படி மெல்லிய தாளில்தான் அச்சடிக்கச் சொன்னார், அப்படியே செய்தேன்.

ஞாயிறு மதியம், மேடைக்குப் பின்னால், அவர் உள்ளே ஏறி நின்றார். "சீக்கிரம் முடிங்கய்யா, புழுங்குது," என்றார். நான் பின்பலகையை வைத்துத் திருகாணிகளை முறுக்கினேன். எங்கள் தொழிலில் சட்டத்தின் முதுகுப் பக்கம் தூசி புகாமல் பசைத்தாள் ஒட்டாமல் ஒரு படத்தையும் கடையை விட்டு அனுப்ப மாட்டோம். துளைகளின் மேல் ஒட்டினேன். பிசிறில்லாமல் இரண்டு மடிப்பு ஒட்டினேன். முன்பக்கம் தாளுக்குப் பின்னால் ஒரு பலகை கொடுத்திருந்தேன். அது காலையிலேயே வைத்தது. பலகை இல்லாமல் படம் தொய்ந்துவிடும்.

அரங்கத்தில் எள் போட இடமில்லை. தேநீருக்கு முன்பு சிரித்தார்கள், பின்பு அழத் தயாராக உட்கார்ந்தார்கள். அண்ணி முன்வரிசையில் நடத்துநருக்குப் பக்கத்தில் இருந்தார். துக்கத்துக்குப் பொருந்தாத பளிச்சென்ற உடை. கண் படத்தை விட்டு நகரவில்லை.

நான் பேசினேன். எதையும் சுருக்கவில்லை.

பேச்சின் நடுவில் முதல் தடவை சொன்னேன்: "அவர் நம்மோடுதான் இருக்கிறார்." பெட்டிக்குள்ளிருந்து தொம்மென்று ஓர் இடி கேட்டது. பஞ்சு வைத்திருந்ததால் இதயம் துடிக்கிற மாதிரி இருந்தது. கூட்டம் சிலிர்த்துப்போனது. நடத்துநர் எழுந்து நின்று, "அண்ணன் ஆமாங்கிறாரு! அண்ணன் ஆமாங்கிறாரு!" என்று கத்தினார். நான் ஏற்பாடு செய்த ஒலி என்று மருந்துக்கடைக்காரர் நினைத்திருக்கிறார். பிறகு என்னைப் பாராட்டினார்.

அப்போது அண்ணி சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். நான் பார்த்தேன். அண்ணனுக்கு உள்ளிருந்து தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

நான் மறுபடியும் சொன்னேன். மறுபடியும் இடித்தது. சொல்லச் சொல்ல இடித்தது. கூட்டமும் சேர்ந்து சொல்ல ஆரம்பித்தது. "அவர் நம்மோடுதான் இருக்கிறார்!" தொம். "நம்மோடுதான் இருக்கிறார்!" தொம், தொம். அவ்வளவு பெரிய அழுகையை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, இனியும் கேட்கப்போவதில்லை. பிறகு இடி கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தது. கடைசியில் பலகையை யாரோ நகத்தால் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம், அதுவும் நின்றது. நான் எல்லோரையும் எழுந்து தும்மல் அஞ்சலிக்கு நிற்கச் சொன்னேன். ஊசி விழுந்தால் கேட்கும். அண்ணி மட்டும் உட்கார்ந்திருந்தார். சிரித்த முகம் சிரித்தபடியே இருந்தது, ஆனால் அதில் சிரிப்பு இல்லை.

படத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். "அண்ணன் எவ்வளவு கனமா இருக்காரு பாருங்க," என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். முறை வைத்துத் தோள் மாற்றினார்கள். ஒரு ராஜாவுக்குக்கூட அப்படி ஓர் அடக்கம் நடந்திருக்காது. கட்சி கட்டி நின்றவர்கள் எல்லோரும் ஒன்றாக மண் போட்டார்கள்.

மறுநாள் அண்ணி கடைக்கு வந்தார்.

"கோழிப் பண்ணைக்கே திரும்பிட்டாரோன்னு விசாரிச்சேன், அங்கேயும் இல்லையாம். அவரு எங்கேங்க?" என்று கேட்டார். முதல்முறை இதே கேள்வியை ஊர் கேட்டபோது நான் பதில் சொல்லி அவரைக் காப்பாற்றினேன். இப்போது அவரே கேட்கிறார்.

"போயிட்டாரு அண்ணி," என்றேன். இந்தத் தடவை அவருக்குச் சரியாகப் புரிந்தது. நேராக உங்களிடம் வந்துவிட்டார்.

தோண்டிப் பார்க்க நீங்கள் அனுப்பிய ஆட்களை ரசிகர்கள் விடவில்லை என்று கேள்விப்பட்டேன். அந்த இடத்தைச் சுற்றிப் படுத்துக்கிடக்கிறார்களாம். நடத்துநர் தலைமாட்டில் இருக்கிறாராம். உள்ளே அண்ணன் இருக்கிறார் என்று உங்கள் ஆட்கள் சொன்னதற்கு, "இருக்காரு, எங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம். நானே ஒப்புக்கொள்கிறேன். பலகையை வைத்தது நான். திருகாணி முறுக்கியது நான். துளைகளை அடைத்தது நான். ஒவ்வோர் இடியும் என்னவென்று தெரிந்துதான் பேசிக்கொண்டிருந்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். எனக்காக நான் எதுவும் செய்யவில்லை, எல்லாம் அவர்களுக்காகத்தான் என்பதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் ஒரே ஒரு விஷயம், ஐயா. அன்று கூட்டத்தை ஒழுங்குபடுத்த நீங்களும் வந்திருந்தீர்கள். தூணுக்குப் பக்கத்தில் நின்று, தொப்பியைக் கழற்றிவிட்டு, புறங்கையால் கண்ணைத் துடைத்ததை மேடையிலிருந்து பார்த்தேன். வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் என்ன சொன்னபோது உங்களுக்கு அழுகை வந்தது? கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள், ஐயா. முதல் பாதியிலா, இரண்டாம் பாதியிலா?